உறுதியின் பின்பக்கம்: எங்கள் வம்சாவளிப் புத்தகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெரியப்பாவுக்கும், மாமாமாருக்கும், மச்சான் மச்சாள்மாருக்கும், குழுவில் இருக்கும் மற்ற எல்லோருக்கும்,

எங்கள் பழைய காணி உறுதியின் (பத்திரத்தின்) பின்பக்கத்தில் இருப்பதும் புத்தகத்தில் வர வேண்டும் என்று போன ஞாயிற்றுக்கிழமை சூம் கூட்டத்தில் நான் சொல்லவந்ததைச் சொல்லி முடிக்கவில்லை. தொடங்கியதுமே மூன்று பேர் ஒன்றாகப் பேசினீர்கள், அதற்குள் ரொறன்ரோ மாமாவின் இணைப்பு அறுந்தது, அவர் திரும்பி வந்தபோது கூட்டம் அடுத்த விடயத்துக்குப் போய்விட்டது. அடுத்த விடயம், புத்தக அட்டை மஞ்சளா மெரூனா என்பது. அதற்கு நாற்பது நிமிடம் போனது. ஆகவே எழுதுகிறேன்.

எல்லோரும் வாசிக்கும்படி எழுதுவதற்குக் கோபிக்க வேண்டாம். குடும்பப் பெயரோ ஊர்ப் பெயரோ இதில் வராது. ஆனால் இது எங்கள் வீட்டுக்கதை மட்டும் இல்லை. யாழ்ப்பாணத்தில் பரம்பரையாகக் காணி வைத்திருந்த எத்தனையோ வீடுகளில் எங்கள் வீட்டைப் போலவே உறுதிகள் அடைத்த ஒரு இரும்புப் பெட்டி இருக்கிறது, அந்த வீட்டுப் பிள்ளைகளும் இப்போது லண்டனிலும் கனடாவிலும் சிட்னியிலும் இருந்துகொண்டு வம்சாவளிப் புத்தகம் போடுகிறார்கள், அவர்களும் எங்களைப் போலவே ஒரு பக்கத்தைப் படம் எடுத்துவிட்டு மறுபக்கத்தைத் திருப்பாமல் விடப் போகிறார்கள்.

சரி, விடயத்துக்கு வருகிறேன்.

அட்டையில் போடுவதாக நீங்கள் முடிவு செய்த நீலக் காகிதம் 1809ஆம் ஆண்டுச் சீதன உறுதி ஒன்றின் நகல். மூலம் ஓலையாக இருந்திருக்க வேண்டும். இது 1870களில் ஒரு காணி வழக்குக்காக யாரோ ஒரு எழுத்தர் பார்த்து எழுதியது. முன்பக்கத்தில் எங்கள் முன்னோரான உடையார் (ஊர்த் தலைமைக்காரர்) தன் மூத்த மகளுக்குக் கொடுத்த காணிகள் இருக்கின்றன. வீட்டுவளவு, பனங்காணி, வயல், ஒவ்வொன்றுக்கும் பரப்பும் குழியும், கிழக்கு வடக்கு மேற்கு தெற்கு என்று நாலு எல்லையும், கிணற்றில் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும். பிறகு நகைகள். உடையார் என்ற பட்டம் தெளிவாகத் தெரிகிற ஒரே தாள் அதுதான், அதனால்தான் எல்லோருக்கும் பிடித்தது. எனக்கும் பிடித்தது. முதல்முறை பார்த்தபோது அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி ‘எங்கட ஆக்கள்’ என்று பெருமையாக எழுதியது இன்னும் என் போனில் இருக்கிறது.

பின்பக்கத்தில் நகைப் பட்டியல் தொடர்கிறது. அப்புறம் செம்புப் பாத்திரங்கள். அப்புறம் பால்மாடு இரண்டு, வண்டில்மாடு ஒரு சோடி. அதற்குக் கீழே, அதே கையெழுத்தில், அதே இடைவெளி விட்டு, அடிமைகள்: ஒரு பெண், அவளுடைய இரண்டு பிள்ளைகள், ஒரு ஆண். பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில் ‘இவள் வயிற்றில் இனிப் பிறக்கும் பிள்ளைகளும்’ என்று எழுதியிருக்கிறது.

இந்த ஒரு வரியைத் தாண்ட எனக்கு நிறைய நாள் பிடித்தது. நான் வசிக்கும் பிரித்தானியாவில் இப்படி ஒரு வரியைத் தேடிக் கண்டுபிடிப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பார்பேடோஸ், ஜமேக்கா, வர்ஜீனியா என்று போன வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் எழுதிவைத்த மரண சாதனங்களில் (உயில்களில்) இதே வாசகம் ஆங்கிலத்தில் அடிக்கடி வரும்: இன்ன பெண்ணும் அவளுடைய இனிவரும் பெருக்கமும் என் மகளுக்கு. நான் அந்த மாதிரிக் கட்டுரைகளை வாசித்து, இவர்கள் எப்படித்தான் இதை எழுதிவிட்டுப் படுத்து நித்திரை கொண்டார்களோ என்று நினைத்திருக்கிறேன். எங்கள் உடையார் அவர்களில் ஒருவர் எழுதியதையும் வாசித்திருக்க மாட்டார். அவருக்கு அது தானாகவே தெரிந்திருந்தது.

கூட்டத்தில் வந்த முதல் மறுப்பு, ‘இதெல்லாம் ஒல்லாந்தன் (டச்சுக்காரன்) கொண்டுவந்தது’. இதைச் சொன்ன மாமாவுக்கு என்மேல் அன்பு அதிகம், எனக்கும் அவர்மேல் அப்படியே. ஆனாலும் மாமா, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையை எடுத்துப் பாருங்கள். 1706இல் ஒல்லாந்த ஆளுநர் சைமன்ஸ் யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் தொகுக்கச் சொன்னார். திசாவையாக, அதாவது மாவட்ட அதிகாரியாக, இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தார். அது தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு 12 முதலியார்களிடம் (உள்ளூர்த் தமிழ் அதிகாரிகளிடம்) போனது, அவர்கள் வாசித்து, ஆம் இதுதான் எங்கள் வழக்கம் என்று 1707இல் ஒப்புக்கொண்டார்கள். முதுசொம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடிய சொத்து) என்று நாங்கள் இன்றைக்கும் சொல்வதெல்லாம் அதில் எழுதப்பட்டவை. அதே தொகுப்பில் ஆண் அடிமை, பெண் அடிமைக்கென்று ஒரு தனிப் பகுதி இருக்கிறது, நாலு சாதியாரைப் பெயர் சொல்லி. எழுதியது ஒல்லாந்தன்தான். அவன் கேட்டது எங்கள் ஆட்களிடம், சரிபார்த்ததும் எங்கள் ஆட்கள். பிறகு ஆங்கிலேயர் வந்து 1806இல் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்கு முழுச் சட்ட வலு கொடுத்தார்கள். மச்சான், போன வருடம் நீங்கள் காணி விற்கப் போனபோது பங்காளிகளிடம் முதலில் கேட்க வேண்டும் என்று சட்டத்தரணி சொன்னாரே, அதுவும் இதே தேசவழமைதான். காணிக்கு மட்டும் அது எங்கள் வழக்கம், அடிமைக்கு வந்தவுடன் ஒல்லாந்தனின் வழக்கமா?

ஒல்லாந்தனுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. பெரிய பங்கு இருந்தது. 1658இல் யாழ்ப்பாணமும் நாகப்பட்டினமும் ஒரே வருடத்தில் அவர்கள் கைக்கு வந்தன. நடுவில் இருப்பது ஒரு நாள் பாய்மரப் பயணக் கடல். தஞ்சாவூர்ப் பக்கம் போரும் பஞ்சமும் வரும்போதெல்லாம் சோற்றுக்கு வழியில்லாதவர்கள் விற்கப்பட்டார்கள், தங்களையே விற்றவர்களும் இருந்தார்கள், வாங்க ஆள் இந்தக் கரையில் இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தக் கொமாந்தராக (தளபதியாக) இருந்த சுவார்தக்ரோன் 1697இல் தனக்குப் பின் வருபவர்களுக்காக எழுதிவைத்த குறிப்பில் கணக்கே கொடுத்திருக்கிறார்: 1694 டிசம்பரிலிருந்து இரண்டு வருடத்துக்குள் 3,500க்கும் மேற்பட்ட அடிமைகள் அந்தக் கரையிலிருந்து கொண்டுவரப்பட்டிருக்கிறார்கள், தலைக்கு 11 பணம் (அந்தக் காலத்து நாணயம்) ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிக்குத் தீர்வை. கொண்டுவந்தவர்கள் கம்பனி ஆட்கள் இல்லை, தனியார். அவர்களுக்கு ஒரு சந்தை இருந்திருக்கிறது. சந்தை என்றால் வாங்குகிற வீடுகள். தமிழ் பேசுகிறவர்களைத் தமிழ் பேசுகிற வீடுகள் வாங்கின. இதே கம்பனி இன்னும் சிலரை ஆபிரிக்காவின் தென்முனைக்குக் கொண்டுபோனது. கேப்டவுனின் பழைய சொத்துப் பட்டியல்களில் பெயருக்குப் பின்னால் ‘வான் கொரமாண்டல்’, அதாவது சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர், என்று எழுதப்பட்டவர்கள் அவர்கள்தான். அங்கே இறந்துபோன வெள்ளைக்காரர்களின் சொத்துப் பட்டியல்களை வரி வரியாகப் பெயர்த்தெழுதி இணையத்தில் யாரும் வாசிக்கும்படி போட்டுவிட்டார்கள். எங்கள் பட்டியல் பெரியம்மா வீட்டு அலுமாரிக்கு மேலே இருக்கிறது.

இரண்டாவது மறுப்பு கொஞ்சம் மென்மையாக வந்தது. ‘அது அடிமை இல்லை, குடிமை. வீட்டுப் பிள்ளை போலத்தான் வைத்திருந்தார்கள்.’ குடிமை என்றால் பரம்பரையாக ஒரு வீட்டுக்கு ஊழியம் செய்கிற முறை. இதைச் சொன்னது ஒருவர் மட்டும் இல்லை, கூட்டத்தில் நாலைந்து பேர் தலையாட்டினீர்கள், கமெரா நிறுத்தி வைத்திருந்தவர்கள் எத்தனை பேர் ஆட்டினீர்களோ.

நான் இதற்குப் பதில் சொல்லாமல், தேடிய வழியைச் சொல்கிறேன். பழைய உறுதிகளின் நல்ல குணம் என்னவென்றால் ஒவ்வொன்றும் தனக்கு முந்தியதைச் சொல்லும். இந்தக் காணி எனக்கு இன்ன ஆண்டு இன்ன இலக்கச் சீதன உறுதியால் வந்தது, இன்னாரின் மரண சாதனத்தால் வந்தது, முதுசொமாக வந்தது என்று. அம்மம்மாவின் உறுதியில் தொடங்கினால் அவருடைய அப்பா, அவருடைய அப்பா என்று படிபடியாக இறங்கலாம். அப்படி இறங்கித்தான் நான் 1809க்குப் போனேன். என்னை ஒன்று என்று எண்ணினால் உடையார் எட்டாவது. நடுவில் ஒரு படியில், உடையாரின் மருமகன், அதாவது அந்தச் சீதனத்தை வாங்கியவர், 1851இல் காலமானபோது போடப்பட்ட சொத்துப் பட்டியல் ஒன்று சிக்கியது. வழக்கேட்டிலிருந்து எடுத்த நகல், கறையான் ஒரு மூலையைத் தின்றுவிட்டது. அதில் அடிமைகள் இல்லை. இருக்கவும் முடியாது, ஏனென்றால் 1844இல் 20ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கையில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டுவிட்டது. எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அடுத்த தாளைத் திருப்பினேன். ‘வரவேண்டிய கடன்’ என்று ஒரு பட்டியல். அதில் நாலாவது பெயர், அதே பெண்ணின் பெயர், அதே குறிச்சி. நெல் 8 பறை.

அதே பெயர் இரண்டு பேருக்கு இருக்கலாம். அவளுடைய மகளுக்கு அதே பெயர் வைத்திருக்கலாம், அதுவும் வழக்கம். நான் இதை நிரூபித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் வீட்டுப் பிள்ளை போல வைத்திருந்ததாகச் சொல்கிற அந்த வீட்டில், அந்தப் பெயர் 1809இல் மாட்டுக்குக் கீழே வருகிறது, 1851இல் கடன்காரர் பட்டியலில் வருகிறது. வேறு எந்த இடத்திலும் வரவில்லை. சீதனம் பெற்ற மகளின் பிள்ளைகள் எல்லோருக்கும் ஏதோ எழுதிவைத்திருக்கிறார்கள், கோவிலுக்கு விளக்கெண்ணெய்க்கு எழுதிவைத்திருக்கிறார்கள், மடத்துக்கு எழுதிவைத்திருக்கிறார்கள். வீட்டுப் பிள்ளைக்கு ஒரு குழிக் காணி இல்லை.

1809க்கும் 1851க்கும் நடுவில் நடந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘வெள்ளைக்காரன் வந்து எல்லாரையும் விடுவித்துவிட்டான்’ என்பதும் எங்கள் வீடுகளில் சொல்கிற கதைதான். 1821இல் ஆங்கில அரசாங்கம் யாழ்ப்பாணத்தில் ஒரு வேலை செய்தது. கோவியர், நளவர், பள்ளர் என்று பதியப்பட்டிருந்த அடிமைகளுக்குப் பிறக்கும் பெண்குழந்தைகளை, பிறந்தவுடன் எசமானுக்கு இரண்டு மூன்று இறைசால் (அப்போது புழங்கிய நாணயம்) கொடுத்து வாங்கி, விடுதலையானவர்கள் என்று எழுதியது. ஏன் பெண்குழந்தைகள் மட்டும்? பிள்ளையின் நிலை தாயின் வழியே போகும் என்பது வழக்கம், ஆகவே பெண்களை விடுவித்தால் இரண்டு தலைமுறையில் அடிமையே இருக்காது, செலவும் பாதி. கெட்டிக்காரக் கணக்கு. ‘இனிப் பிறக்கும் பிள்ளைகளும்’ என்று உடையார் எழுதியதற்குப் பின்னால் இருந்ததும் இதே கணக்குத்தான், மறுபக்கமிருந்து. அந்தப் பெண்ணுக்கு 1821க்குப் பிறகு மகள் பிறந்திருந்தால் எங்கள் வீட்டில் யாரோ அந்த இறைசாலைக் கைநீட்டி வாங்கியிருப்பார்கள். இரண்டு மூன்று இறைசாலுக்கு ஒரு கைக்குழந்தை.

அப்புறம் 1833. பிரித்தானியப் பாராளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டம் போட்டது, எசமான்களுக்கு 2 கோடி பவுண் நட்டஈடு என்று ஒதுக்கியது. அடிமைகளாக இருந்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை. அரசாங்கம் அதற்காக வாங்கிய கடனை அடைத்து முடித்தது 2015இல், அதாவது நான் இந்த நாட்டில் கட்டிய வரியிலும் ஒரு துளி அதற்குப் போயிருக்கிறது. ஆனால் அந்தச் சட்டத்திலேயே ஒரு விலக்கு இருந்தது: ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆள்புலங்கள், சென் ஹெலினா தீவு, இலங்கைத் தீவு ஆகியவற்றுக்கு இது பொருந்தாது. எங்கள் ஊருக்கு விடுதலை பதினொரு வருடம் பிந்தி வந்தது.

இந்த விலக்குத்தான் எங்கள் விடயத்தில் எல்லாவற்றையும் மாற்றுகிறது, கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். நட்டஈடு கேட்டவர்கள் எல்லோரும் மனுப் போட வேண்டியிருந்தது. எத்தனை பேர், எந்தத் தோட்டம், எவ்வளவு பணம் என்று. அந்த மனுக்கள் லண்டனில் பத்திரமாக இருந்தன. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் கேத்தரின் ஹோலும் அவருடன் வேலைசெய்தவர்களும் அவற்றை ஒழுங்குபடுத்தி 2013இல் எல்லோரும் தேடிப் பார்க்கக்கூடிய தரவுத்தளமாக வெளியிட்டார்கள். இன்றைக்கு பிரிஸ்டலில் இருக்கும் ஒருவர் தன் முப்பாட்டன் பெயரைத் தட்டினால் அவர் ஜமேக்காவில் எத்தனை பேரை வைத்திருந்தார், எவ்வளவு பவுண் வாங்கினார் என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். கிங்ஸ்டனில் இருக்கும் ஒருவர் தன் குடும்பப் பெயர் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று பார்க்கலாம். எங்கள் உடையார் நட்டஈடு வாங்கவில்லை, ஆகவே அவர் பெயர் அதில் இல்லை. அரசாங்கத்தின் பக்கம் இருப்பது அடிமைப் பதிவேடுகள் மட்டும். இலங்கைக்கான ஏடுகள், 1818 முதல் 1832 வரை, கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டி 71 (T 71) என்ற தொகுதியில் இருக்கின்றன, ஆன்செஸ்ட்ரி தளத்திலும் படமாகப் பார்க்கலாம். நான் புரட்டத் தொடங்கியிருக்கிறேன். எழுத்துக்கூட்டல் ஒரு தனிச் சண்டை. ஒல்லாந்தப் பழக்கத்தில் எழுதிய இடங்களில் ஆங்கில ‘ஓ’வையும் ‘ஈ’யையும் சேர்த்து வைத்திருந்தால் ‘உ’ என்று வாசிக்க வேண்டும், இல்லாவிட்டால் முத்துவைக் கண்டுபிடிக்கவே முடியாது. கொழும்பில் ஒல்லாந்தர் விட்டுப்போன ஏடுகள் 7,000க்கு மேல் இருக்கின்றன, தோம்புகள் (காணிப் பதிவேடுகள்) உட்பட, ஆனால் அவற்றை வாசிக்கப் பழைய ஒல்லாந்த மொழியும் கையெழுத்தும் தெரிய வேண்டும்.

ஆகவே எங்கள் ஊரில் அந்த ஆட்களின் பெயர், தாய் யார், பிள்ளை யார், எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குப் போனார்கள் என்பது தமிழில் எழுதி எங்கே இருக்கிறது? சீதன உறுதியில், மரண சாதனத்தில், நன்கொடை உறுதியில். அவை யாரிடம் இருக்கின்றன? எங்களிடம். அந்தப் பெண்ணின் எட்டாவது தலைமுறையில் ஒரு பிள்ளை, தன் பூட்டியின் பூட்டி யார் என்று கேட்டால், பதில் எங்கள் இரும்புப் பெட்டியில்தான் இருக்கிறது. அவர்களுடைய வம்சாவளியின் முதல் பக்கத்தை நாங்கள் வைத்துக்கொண்டிருக்கிறோம், அதைப் பின்பக்கம் என்று சொல்லி விட்டுவிடப் பார்க்கிறோம்.

மூன்றாவது மறுப்பைக் கொழும்பிலிருந்து தம்பி சொன்னான். ‘இவ்வளவு அழிவுக்குப் பிறகு, நூலகம் எரிந்து, கச்சேரி (அரசாங்க அலுவலகம்) உடைந்து, எஞ்சியிருக்கிற ஒன்றிரண்டு பேப்பரை வைத்துக்கொண்டு எங்களை நாங்களே கொச்சைப்படுத்த வேண்டுமா?’ அவன் சொன்னதில் இருக்கும் வலி எனக்கு விளங்குகிறது. எல்லோரும் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிய 1995 ஒக்டோபர் 30 இரவு மழையில் நாவற்குழிப் பாலம் கடந்தபோது அம்மம்மா தூக்கிவந்தது இரண்டு சீலை, ஒரு சுருள் மருந்துத் துண்டு, இந்த உறுதிகள். நகைப்பையை அம்மாவிடம் கொடுத்தவர் உறுதிப்பையைக் கடைசிவரை யாரிடமும் கொடுக்கவில்லை. சாவகச்சேரிப் பள்ளிக்கூட வராந்தாவில் தலைக்கு வைத்துப் படுத்தார். அப்படித் தப்பிய காகிதம். தம்பி, அந்தப் பாலத்தில் அன்றிரவு அந்தப் பெண்ணின் பிள்ளைகளின் பிள்ளைகளும்தான் நடந்தார்கள். அவர்கள் கையில் உறுதிப்பை இருக்கவில்லை, ஏனென்றால் உறுதி எழுதக் காணி இருக்கவில்லை. 1844இல் விடுதலை எழுதினார்கள், காணி எழுதவில்லை. கோவிலுக்குள் போகவும் தேநீர்க்கடையில் எல்லோரையும்போல் இருந்து குடிக்கவும் 1957இல் ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது, அதற்குப் பிறகும் 1968இல் மாவிட்டபுரம் கோவில் வாசலில் அவர்களை உள்ளே விடாமல் தடுத்ததைப் பெரியப்பா கண்ணால் பார்த்தவர். பெரியப்பா எந்தப் பக்கம் நின்று பார்த்தார் என்று நான் கேட்கவில்லை. இதுவரை.

நாலாவது மறுப்பு மட்டும்தான் என்னை உண்மையில் நிறுத்தியது. மச்சாள் சொன்னது. ‘அந்தப் பெயர்களைப் போட்டால் அவமானம் எங்களுக்கு இல்லை, அவர்களுக்கு. இன்றைக்கும் ஊரில் யார் எந்தக் குறிச்சி என்று பார்த்துத்தான் கலியாணம் பேசுகிறார்கள். நீ லண்டனில் இருந்து நல்ல பிள்ளை ஆகப் பார்க்கிறாய், அங்கே ஒரு பிள்ளையின் கலியாணம் குழம்பும்.’

மச்சாள் சொன்னது சரி. கரீபியன் கதையை அப்படியே எடுத்து எங்கள் ஊருக்குப் போட முடியாது. அங்கே அடிமைகளின் வழிவந்தவர்கள் தாங்களே முன்னோரின் பெயரைக் கேட்கிறார்கள், தேடுகிறார்கள், கல்லில் பொறிக்கிறார்கள். எங்கள் ஊரில் அந்தப் பழங்கதையைக் கிளப்புவது பெரும்பாலும் ஒருவரைக் கீழே இருத்துவதற்குத்தான். இதற்காகத்தான் இந்த மடலில் அந்த நாலு பேரின் பெயரையும் நான் எழுதவில்லை, எழுத மாட்டேன்.

ஆனால் மச்சாளின் கேள்வியோடு நான் நிற்கவில்லை. போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது ஒருவரிடம் கேட்டேன். எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர், ஓய்வுபெற்ற ஆசிரியர், அவருடைய ஆட்கள் மூன்று தலைமுறைக்கு முன்னர் எங்கள் மாதிரி வீடுகளில் என்ன வேலை செய்தார்கள் என்பதை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். சுற்றி வளைக்காமல் உறுதியைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு முன்பக்கம் வாசித்தார், திருப்பிப் பின்பக்கம் வாசித்தார். மாட்டு வரிக்குக் கீழே விரல் நின்றது. பெயரைப் போடலாமா வேண்டாமா என்று கேட்டேன். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: “எங்கட பெயரைப் போடலாமோ எண்டு கேக்கிறீங்கள். முதல்ல உங்கட பெயரைப் போடுங்கோ. ஆர் வச்சிருந்தது எண்டு எழுதுங்கோ. ஆரை வச்சிருந்தது எண்டதைப் பிறகு பாப்பம்.”

அவ்வளவுதான். தேத்தண்ணி வந்தது, குடித்தோம், பிறகு மழையைப் பற்றிக் கதைத்தோம்.

நான் கேட்பது இதுதான். புத்தகத்தில் உடையார் பற்றிய அத்தியாயத்தில், அவர் கட்டிய மடம், அவர் தோண்டுவித்த கிணறு, அவருக்குக் கிடைத்த பட்டம் எல்லாம் வருகிற அதே பக்கத்தில், அவர் நாலு பேரை அடிமைகளாக வைத்திருந்தார், 1809இல் அவர்களைத் தன் மகளுக்குச் சீதனமாகக் கொடுத்தார், இனிப் பிறக்கப் போகும் பிள்ளைகளையும் சேர்த்துக் கொடுத்தார் என்று எழுத வேண்டும். அடிக்குறிப்பில் இல்லை, பின்னிணைப்பில் இல்லை. ‘பணியாட்கள்’, ‘ஊழியர்’, ‘குடிமக்கள்’ என்ற சொல் வேண்டாம், உறுதியில் என்ன சொல் இருக்கிறதோ அந்தச் சொல். 1851 பட்டியலையும் போட வேண்டும், நெல் 8 பறை உட்பட. அட்டையில் அந்த உறுதியின் படம் வருவதென்றால் இரண்டு பக்கமும் வரட்டும், பின்பக்கத்தில் நாலு பெயரை மட்டும் மறைத்து. மறைத்திருப்பது வாசிக்கிறவருக்குத் தெரியும்படி மறைக்க வேண்டும், வெட்டி எடுத்துவிட்டு ஒன்றும் இல்லாத மாதிரிக் காட்டக் கூடாது. முழுப் படத்தை நாங்கள் வைத்திருப்போம், அந்த வழியில் வந்த யாராவது கேட்டால் காரணம் கேட்காமல் கொடுப்போம் என்று ஒரு வரியும் ஒரு மின்னஞ்சலும் போட வேண்டும்.

இதே மாதிரிப் பெட்டி வைத்திருக்கும் மற்றக் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. ஓலையையோ பழைய காகிதத்தையோ லமினேட் செய்யாதீர்கள், பிளாஸ்டிக்கில் அடைத்துச் சுவரில் தொங்கவிட்டால் மறுபக்கம் சுவருக்குப் போய்விடும், எங்கள் சித்தப்பா வீட்டில் ஒன்று அப்படித்தான் தொங்குகிறது. பகல் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் படம் எடுங்கள். விளங்காத தாளைக் குப்பை என்று எரிக்காதீர்கள், விளங்குகிற ஒருவர் எங்கோ இருப்பார்.

எங்கள் குழுவில் இதற்குச் சம்மதம் இல்லையென்றால் சண்டை பிடிக்க மாட்டேன். தொகுப்பாளர் பட்டியலில் இருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள், நான் அனுப்பிய உறுதிப் படங்களையும் சேர்த்து எடுத்துவிடுங்கள். அப்படியென்றால் 1890க்கு முன்னால் புத்தகத்தில் ஒன்றும் இருக்காது, அதையும் யோசித்துப் பாருங்கள். அச்சகத்துக்குக் கொடுக்க இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. அட்டை நிறத்தைப் பற்றி எனக்கு ஒரு கருத்தும் இல்லை.

அன்புடன்,
உங்கள் பிள்ளை

பி.கு.: பெட்டியின் அடித்தட்டில் இன்னும் நாலு உறுதி பிரிக்காமல் இருப்பதாக அம்மா சொல்கிறார். ஒன்று ஓலை. பெரியம்மா, திறப்பை யாரிடம் கொடுத்து வைத்திருக்கிறீர்கள்?